ஆம்பூர் மூக்கும் அரக்கோணம் பப்ஸும்

எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. ஒருமுறை வெந்நீர் போடப் போய், பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சித்திரை மாதத்தில், ஆம்பூர் வெயிலில், மைதாவும் வெண்ணெயும் வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பலகாரம் சுட உட்கார்ந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவியின் வளையல்.

அந்த வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்து எழுந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் போயிட்டுது. இனிமே மருந்து சாப்பாடுதான். பதினஞ்சு நாள் கழிச்சிக் கூட்டிக்கினு வாங்க. எடை ஏறி இருக்கணும். இதுக்கு மேல இளைச்சாங்கன்னா, இன்னொரு ஜுரம் வந்தா அந்த உடம்பு தாங்காது. புரியுதா?"

நான் பலமாகத் தலையாட்டினேன். சாப்பிடுவதே மருந்து என்றால் அதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா? எனக்கு அந்த வியாதி வந்திருந்தால் மூன்றே நாளில் குணமாகியிருப்பேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் இட்லியை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதே இட்லியை இங்கே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சி வேண்டாம். முட்டை வேண்டாம். ஆட்டுக்கால் சூப் என்றால் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பெனியில் சொல்லி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, நேராக வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நானே கரண்டியால் ஊட்டினேன். நான் ஊட்ட ஊட்ட அவள் இளைத்தாள். மணிக்கட்டில் இருந்த கண்ணாடி வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடிற்று. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் தோல் கம்பெனியில் ரகம் பிரிக்கிற மேஜையில் இருந்தேன். பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வரும். விரலால் ஒரு தடவு தடவி, முதல் ரகம், இரண்டாம் ரகம், தள்ளுபடி என்று ரகத்துக்கொரு பக்கம் எறிய வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெள்ளாட்டையும் செம்மறியையும் என் விரல் பிரித்துச் சொல்லிவிடும். அந்த விரல் மேல் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. தோலை அறிந்த கைக்கு மாவு எம்மாத்திரம் என்று நான் நினைத்ததற்கு அந்தத் திமிர்தான் காரணம்.

மாவு எப்படி வந்தது என்றால், ஐந்தாம் நாள் நான் கெஞ்சியே விட்டேன். "எதைத்தான் சாப்பிடுவே? நீ வாயைத் திறந்து சொல்லு. ஆகாசத்திலே இருந்தாலும் கொண்டாறேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அரக்கோணம் ஸ்டேஷன்லே எங்க சித்தப்பா குடுப்பாரே, ஒரு பப்ஸ். கறி போட்டது இல்லே. உள்ளே பழம். கையிலே எடுத்தா வெயிட்டே இருக்காது. கடிச்சா இலை இலையா உதிரும். அது இருந்தா ஒண்ணு சாப்பிடலாம்னு தோணுது."

அவள் பிறந்தது அரக்கோணம். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். மிச்சமிருந்தது அந்தச் சித்தப்பா ஒருவர்தான். ஸ்டேஷனில் துரைமார் சாப்பிடும் அறையில் பட்லர். தனிக்கட்டை, ரயில்வே கொடுத்த ஒற்றை அறையில் ஜாகை. அவருக்கு அன்றைக்கே கார்டு போட்டேன். ரயிலில் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்றால், இந்த வெயிலில் வந்து சேருவதற்குள் அது களியாகிவிடும் என்றாள். சுடச்சுட இருந்தால்தான் அது பப்ஸாம்.

மூன்றாம் நாள் பதில் கார்டு வந்தது. பட்லர் என்றால் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவர் போலும், எழுத்தும் அப்படியே. "மைதாவும் வெண்ணெயும் சரிபாதி. மாவைத் தேய்த்து நடுவில் வெண்ணெயை வைத்துக் காகிதம் போல மூன்றாக மடி. தேய். மறுபடி மடி. ஈரத்துணி போட்டுக் குளிர்ச்சியில் வை. இப்படி ஆறு மடிப்பு. பழம் எதுவானாலும் சர்க்கரையில் சுண்டக் காய்ச்சு. பிள்ளை தேறக் கர்த்தரை வேண்டுகிறேன்." அவ்வளவுதான். விலாசம் எழுதுகிற பக்கத்து இடுக்கில் எறும்பு ஊர்ந்தது போல இன்னொரு வரி இருந்தது. அதை நான் மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். "ஐஸ் கட்டி இல்லாவிட்டால் முயல வேண்டாம்."

ஆம்பூரில் ஐஸுக்கு எங்கே போவது? பாலாற்றிலே தண்ணீர் இருந்தாலே நாங்கள் அதிசயமாகப் போய்ப் பார்ப்போம்.

அடுப்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா உதவினார். கிறிஸ்துமஸ் கேக் சுட அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. மண்ணெண்ணெய் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி, அடியில் மணல் பரப்பி, மணல்மேல் தட்டு. டின்னுக்குக் கீழே கரி நெருப்பு, தலைமேல் தகரம் போட்டு அங்கேயும் நெருப்பு. "தம்பி, பாத்து. போன வருஷம் என் புருவத்தையே பொசுக்கிடுச்சி இது," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் தடவை நான் கார்டைத் திருத்தினேன். வெண்ணெய் என்பது நெய்யாகப் போகிற வழியில் பாதியில் நின்றுவிட்ட பண்டம். நோயாளிக்குப் போய்ப் பாதிப் பண்டத்தைக் கொடுப்பதா? அத்தனை வெண்ணெயையும் உருக்கி, முருங்கைக்கீரை போட்டு, மணக்க மணக்க நெய்யாக்கி, அதை ஆறவைத்து மாவுக்குள் வைத்து மடித்தேன். டின்னிலிருந்து வெளியே வந்தது ஒரு பலகை. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, உள்ளே ஒன்றுமில்லை.

அக்கா அதைத் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது. "தம்பி, இதுக்கு வார் வச்சி ஆணி அடிச்சா நாலு வருஷம் உழைக்கும்."

கட்டிலில் படுத்தபடியே என் மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். சிரிப்பு வந்தது, பசி வரவில்லை. "இலை எங்கேங்க?" என்று கேட்டாள். "அதுலே இலை இலையா இருக்கும். அது எப்பிடி வருது?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆமாம், இலை எப்படி வருகிறது? யாரும் உள்ளே புகுந்து பிரித்து வைப்பதில்லை. ஈஸ்ட் போடுவதில்லை. சோடா உப்பு போடுவதில்லை. மாவும் வெண்ணெயும் சேர்ந்து தாங்களே எழுந்து நிற்கின்றன என்றால் எழுப்புகிறவன் யார்? அன்று இரவு பாதித் தூக்கத்தை அந்தக் கேள்வி தின்றுவிட்டது.

காலையில் கடைத்தெருவுக்கு ஓடினேன். ரொட்டிக்கடை பாய் எனக்குச் சிநேகிதர். கறி பப்ஸ் போட்டு ஊருக்கே விற்பவர்.

"இன்னா தோஸ்த், நெய்யா போட்டே?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "நெய்யிலே தண்ணி ஏது? வெண்ணெயிலே தண்ணி இருக்குது. சூட்டுலே அது ஆவியாகும். ஆவி போறதுக்கு வழி தேடும். மேலே மாவு, கீழே மாவு. இன்னா பண்ணும்? தூக்கும்."

"ரயில் இஞ்சின் மாதிரியா?"

"ஆமா. நீ இஞ்சின்லே தண்ணியே ஊத்தாம ஓட்டப் பாத்திருக்கே."

வெந்நீர்ப் பானைக் கதை இவருக்கும் தெரியுமோ என்று சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டியைக் காயவைத்து ஒரு உருண்டை வெண்ணெய் போட்டேன். சடசடவென்று பேசியது. அடங்கும்வரை காத்திருந்து, அதே சட்டியில் நெய் விட்டேன். பேச்சே இல்லை. இத்தனை வருஷம் வெண்ணெய் காய்ச்சும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அது தண்ணீர் விடைபெற்றுக்கொண்டு போகிற சத்தம் என்று யார் சொன்னார்கள்? என் மனைவி கட்டிலிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் போடுங்க," என்றாள். போட்டேன். அப்புறம் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் தயிர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சட்டியில் விட்டு இருவருமாகச் சத்தம் கேட்டோம். அந்தச் சட்டியைக் கழுவ எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இரண்டாவது தடவை வெண்ணெய்தான். ஆனால் இரண்டு மடிப்புக்குமேல் போக முடியவில்லை. தேய்க்கத் தேய்க்க வெண்ணெய் உருகி நாலு ஓரத்திலும் வழிந்தது. மாவு என் கையை விட மறுத்தது. அப்போதுதான் கார்டின் இடுக்கில் இருந்த வரியைக் கண்டேன். கார்டும் கையுமாக மறுபடி பாயிடம் ஓடினேன்.

"நாங்க ராத்திரி மூணு மணிக்குப் போடறோம்," என்றார் பாய். "அப்பவும் வெண்ணெய் இல்லே, ஆட்டுக்கொழுப்பு. அது சட்டுனு உருகாது. ஆனா உங்க வீட்டம்மாவுக்கு அது வெயிட்டு. லேசா வேணும்னா வெண்ணெய்தான். வெண்ணெய்க்குக் குளிர்ச்சி வேணும். ஆம்பூர்லே குளிர்ச்சியான எடம் எது, சொல்லு பாப்போம்?"

பதினைந்து நாளில் பத்து போய்விட்டது. வளையல் முழங்கையைத் தாண்டுமா தாண்டாதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் ஊரைச் சுற்றி மனசுக்குள்ளேயே நடந்தேன். கோயில், மசூதி, சர்ச், தாலுகா கச்சேரி, எல்லா இடத்திலும் வெயில். சட்டென்று பொறி தட்டியது. எங்கள் கம்பெனியின் பட்டைக் கிடங்கு!

தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டையை மலைபோல அடுக்கி வைத்திருக்கிற இடம் அது. இரண்டு முழக் கனத்தில் சுவர், கல் தரை, சுற்றிலும் ஊறல் தொட்டிகள், வாசலில் எப்போதும் நனைந்த கோணி. சித்திரையிலும் உள்ளே போனால் காலில் சில்லென்று ஏறும். பக்கத்திலேயே தோலை விரித்துத் தேய்க்கிற வழவழப்பான கல் மேஜை. பப்ஸ் போடுவதற்கென்றே கட்டின மாதிரி. இத்தனை நாள் அதில் தோலைப் போட்டு வீணாக்கிக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பயந்துபோய்ச் சம்மதித்தார். டைபாய்டு என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கல் மேஜையைச் சீயக்காய் போட்டு ஐந்து தரம் கழுவினேன். தூக்குச் சட்டியில் மாவு, வாழையிலையில் வெண்ணெய். மடிப்பேன், தேய்ப்பேன், ஈரத்துணி சுற்றிப் பட்டைக் குவியலுக்கு நடுவே வைப்பேன், ஓடிப்போய் நாலு கட்டுத் தோல் பிரிப்பேன், திரும்பி வருவேன். மூன்றாம் மடிப்புக்குள் ரகம் பிரிக்கிற மேஜையே எழுந்து வந்துவிட்டது.

"இன்னாப்பா, புது சரக்கா?"

"கன்னுக்குட்டித் தோல் மாதிரி இருக்குதுய்யா. தொட்டுப் பாரு."

"தொடாதே! சித்தப்பா கார்டிலே கை படக் கூடாதுன்னு இருக்குது," என்று அளந்து விட்டேன். இல்லாவிட்டால் ஆறு பேரும் தடவி ரகம் பார்த்திருப்பார்கள்.

"ஓரத்திலே ஒரு கீறல் இருக்குது பாரு. ரெண்டாம் ரகம்."

"போடா. இது லண்டனுக்குப் போற சரக்கு. ஒரு பொட்டு வெண்ணெய் வெளியே வரலை பாரு."

உண்மை. ஒரு பொட்டு வரவில்லை. என் விரலுக்கு அடியில் மாவும் வெண்ணெயும் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்று, கட்டு கட்டாகக் கிடப்பது தெரிந்தது. அவ்வளவு பெருமை எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சாயங்காலம் வீட்டில் டின் அடுப்பு. பழத்துக்கு அரைப்பழமாக இருந்த மாங்காயைச் சீவி, சர்க்கரையில் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தேன். சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கரண்டி வைத்து, மூலை மடித்து உள்ளே தள்ளினேன். வெட்டின பக்கத்துத் துவாரம் வழியாக அக்காவும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு மூலை அசைந்தது. அப்புறம் ஓரமெல்லாம் கோடு கோடாகப் பிளந்து, யாரோ அடியிலிருந்து ஊதுவது போல மெதுவாக, மெதுவாக எழும்பிற்று.

"ஏறுது தம்பி!" என்று அக்கா என் தோளில் அறைந்தார். என் புருவம் தப்பியது தெய்வச் செயல்.

பன்னிரண்டு பப்ஸ். எடுத்தால் கனமே இல்லை. அக்கா ஒன்று தின்றார். கடையை மூடிவிட்டு வந்த பாய் ஒன்று தின்று, மீசையில் ஒட்டின இலைகளைக்கூட விடாமல் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "தோஸ்த், நீ என் பொழப்புலே மண்ணைப் போட்டுடுவே," என்றார். நான் ஒன்று தின்றேன். பிறகு தட்டில் ஒன்றை வைத்து, மாப்பிள்ளை சீர் கொண்டு போவது போல உள்ளே போனேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் வெளிச்சம் வந்தது. இரண்டு விரலால் எடுத்து, எடை பார்த்து, ஓரத்து மடிப்புகளை நகத்தால் எண்ணி, "வந்திருச்சிங்க, இலை வந்திருச்சி," என்றாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள். நிறுத்தினாள். மறுபடி கொண்டு போனாள். தட்டிலே வைத்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னாச்சி?"

"தோல் வாடை அடிக்குதுங்க."

"எங்கே?" நான் பப்ஸை எடுத்து மோந்தேன். வெண்ணெய், மாங்காய், ஏலக்காய். அக்கா மோந்தார். "ஒண்ணும் இல்லையே கண்ணு. மணமாத்தானே இருக்குது?" பாய் வாசலிலிருந்தே கையை நீட்டி வாங்கி மோந்துவிட்டு, அந்தப் பப்ஸையும் தின்றுவிட்டு, "சுத்தமா இல்லைம்மா," என்றார். மூன்று மூக்கு ஒருபக்கம், ஒரு மூக்கு ஒருபக்கம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் உண்டது அரை டம்ளர் மோர்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தைவிட ஆவல் ஜாஸ்தி. மூன்று பேருக்குத் தெரியாதது ஒருத்திக்கு எப்படித் தெரியும்? ஒன்று, காய்ச்சல் அவள் மூக்கைக் கெடுத்திருக்க வேண்டும். அல்லது எங்கள் மூன்று மூக்கும் கெட்டிருக்க வேண்டும். நாங்கள் மூவரும் ஆம்பூர் மூக்கு. தராசே கோணலாக இருந்தால் எடையை யாரிடம் சரிபார்ப்பது? வெளியூர் மூக்கு ஒன்று வேண்டும். வெளியூர் மூக்கு மொத்தமாக வந்து இறங்குகிற இடம் ரயில் ஸ்டேஷன்.

மறுநாள் மத்தியானம், மெட்ராஸிலிருந்து வரும் பாசஞ்சர் நேரத்துக்கு, மிச்சமிருந்த பப்ஸைத் தட்டில் வைத்துத் துணி மூடிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தேன். வண்டி வந்தது. பாதி ஜன்னல்களில் பலகையை இறக்கி விட்டிருந்தார்கள். ஆம்பூர் வந்ததும் பலகையை இறக்குவதைப் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். வெயிலுக்கு என்றே நினைத்திருந்தேன்.

திறந்திருந்த ஒரு ஜன்னலில் கோட்டுப் போட்ட ஒருவர், பெங்களூர் போகிறவர், உட்கார்ந்திருந்தார். தட்டை நீட்டினேன்.

"என்ன விலை?"

"விலையெல்லாம் இல்லைங்க. மோந்து மட்டும் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், மோந்து பார்க்கறதுக்கு ஒரு பலகாரமா? என்னய்யா வியாபாரம் இது?"

"வீட்டிலே உடம்பு சரியில்லைங்க. இதிலே ஏதாவது வாடை அடிக்குதான்னு சொன்னீங்கன்னா புண்ணியமாப் போவும்."

குனிந்து மோந்தார். முகம் சுருங்கியது. "தோல்."

"பப்ஸ்லேயா?"

"இரு." அவர் எதையும் சரியாகச் செய்கிற ஆசாமி போல. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ நாலடி பின்னாலே போ."

போனேன்.

"இன்னும் போ." பிளாட்பாரத்துச் சுவர் முட்டும்வரை போனேன். அவர் மறுபடி மோந்தார். "ம். இப்ப கொஞ்சூண்டுதான் இருக்கு. இப்ப கிட்ட வா." வந்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "பலகாரத்திலே கால்வாசிய்யா. முக்கால்வாசி நீதான்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "பாவம், விடுங்க," என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்துப் பலகையை இறக்கினார்.

விசில் ஊதி வண்டி நகர்ந்தது. தட்டு அவர் மடியிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு பப்ஸை எடுத்துக் கடிப்பதையும், ஆச்சரியமாக எட்டி என்னைப் பார்ப்பதையும் கண்டேன். நான் பக்கத்தில் இல்லாததால் ருசி நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன். கட்டில் பக்கம் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். "உனக்குப் பசிக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லு."

"பசிக்குதுங்க," என்றாள். "கொலைப் பசி பசிக்குது."

"அப்புறம் ஏன்?"

கொஞ்ச நேரம் வளையலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆயி வந்த புதுசுலே ஆறு மாசம் இப்பிடித்தான் இருந்தது. அப்புறம் பழகிடுச்சி. ஆஸ்பத்திரியிலே அஞ்சு வாரம் இல்லாம இருந்தேனா, மூக்கு புதுசா ஆயிடுச்சி. ஊர்க்காத்துலே வர்றதைக்கூடத் தாங்கிக்குவேன். நீங்க கரண்டியைக் கிட்டக் கொண்டாந்தீங்கன்னா..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இதைச் சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடிங்க சொல்றது? நமக்குச் சோறு போடறதே அதுதானே. நீங்க வேற, லீவு போட்டுக்கினு ஓடி ஓடி வந்து ஊட்டறீங்க."

பத்துப் பன்னிரண்டு நாளாக மருந்து கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தினம் மூன்று வேளை வியாதியைப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறேன். விரலால் எல்லாவற்றையும் அறிகிறவனாம் நான்! என்னை நானே ரகம் பிரித்தால் எந்தப் பக்கம் எறிவது என்பதில் சந்தேகமே இல்லை.

அக்காவுக்குத் தாய்வீடு பள்ளிகொண்டா. அவருடைய அண்ணன் வீடு ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில், தென்னைக்கு நடுவே தனியாக இருந்தது. "அங்க தோலும் இல்லே, ஒண்ணும் இல்லே. மாட்டுச்சாணிதான். கிளம்புங்க," என்று அக்காவே டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது. நான் கம்பெனிக்கு அதுவரை முழு லீவு சொல்லிவிட்டேன்.

போன உடனே கிணற்றடியில் என்னை ஊறப்போட்டேன். சீயக்காய், அரப்பு, எலுமிச்சம்பழத் தோல், வேப்பிலை. கம்பெனி வாசலைப் பார்க்காத ஒரே சட்டை என் கல்யாணச் சட்டை, அதைப் போட்டுக்கொண்டு, ஆறு அடி தள்ளி நின்று, "இப்ப எப்பிடி?" என்றேன்.

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "கம்மி ஆயிருக்குது. ஆனா இருக்குது. கையைக் காட்டுங்க... ஐயோ, வேணாம், வேணாம். விரல் ரேகைக்குள்ளேயே இருக்குது."

ஆக, பெருமைப்பட்ட விரலுக்கே வேலை போயிற்று. மாவைத் தொடக் கூடாது, வெண்ணெயைத் தொடக் கூடாது, பழத்தின் பக்கமே வரக் கூடாது. அக்காவின் கையும் ஆம்பூர்க் கைதான். அவர் நெருப்பு மட்டும் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மறுநாள் விடியற்காலை என் மனைவி தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து மாவைப் பிசைந்தாள். எனக்குக் கொடுத்த வேலை கிணற்றுக் கயிறு. மாவைப் புது வாழையிலையில் சுற்றிப் பித்தளைச் சொம்பில் வைத்து மூடி, வாளியில் இறக்கித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட வேண்டும். ஐஸ் இல்லாத ஊரில் கிணறுதான் ஐஸ். இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அக்காவின் அண்ணன் மனைவி அந்தக் கிணற்றில் பால் சொம்பைத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துச் செய்தது.

"தூக்குங்க!" என்பாள். தூக்கி வைத்துவிட்டு விலகுவேன். அவள் வந்து எடுத்துப்போய் ஒரு மடிப்பு மடித்துத் தேய்ப்பாள். மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்துகொள்வாள். அக்கா, "நான் தேய்க்கட்டுமா கண்ணு?" என்றால் தலையை ஆட்டிவிடுவாள். மறுபடி இறக்கு, மறுபடி தூக்கு. மூன்றாம் மடிப்பில் குழவியை வைத்துவிட்டு, மாவின் ஓரத்தைக் கத்தியால் ஒரு இழை சீவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இங்க வந்து பாருங்க... வேணாம், அங்கேருந்தே பாருங்க. கோடு கோடா தெரியுது. இன்னும் மூணு மடிச்சா எத்தனை ஆவும்?"

எனக்குக் கணக்கு வராது. கிணற்றடி மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்து, மூன்று மூன்றாகப் பெருக்கி, எழுநூறுக்கு மேல் வந்ததும் தப்பாகத்தான் இருக்கும் என்று காலால் அழித்துவிட்டேன். தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

பழமும் அவளே காய்ச்சினாள். அந்த ஊர் மாம்பழம், அரைப்பழம். கரண்டியில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, "சர்க்கரை பத்தலை," என்றாள். போட்டாள். மறுபடி ஒரு கரண்டி. "இப்ப பாகு எளசு." இன்னொரு கரண்டி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூச்சு விடவில்லை. விட்டால் அது அந்தப் பக்கம் போய்த் தொலையுமோ என்று பயம்.

டின் அடுப்பிலிருந்து எடுத்தபோது என்னைத் தென்னை மரத்தடிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பப்ஸ் தெரியவில்லை, அவள் முகம் தெரிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளிவாசலில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

நிறுத்தினாள்.

"இன்னா?" என்று கத்தினேன்.

"காத்து உங்க பக்கத்திலேருந்து வருதுங்க!"

ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். கடிக்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. உதிர்ந்த இலைகளை மடியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வதைச் சுவர் மூலையிலிருந்து பார்த்தேன். ஒன்று முடிந்தது. இரண்டாவதில் பாதி முடிந்தது. அதற்குள் தென்னை ஓலை மறுபக்கம் சாய்ந்தது.

"திரும்பிடுச்சி!" என்றாள் வாய் நிறைய.

மறுபடி தென்னைக்கு ஓடினேன். அக்காவின் அண்ணன் வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர், கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஆள் தன் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டார். அக்கா அவரிடம் என்ன சொன்னாரோ, அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அவள் இரண்டாவதை முடித்து, விரலை ஒவ்வொன்றாக நக்கினாள். தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கோவிச்சிக்காதீங்க. அந்த வேலியைத் தாண்டிப் போறீங்களா? இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

முள்வேலி அது. சந்து தேட நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டினேன்.